கலயத்தில் இல்லாத விஷம் கேனில் எப்படி வருகிறது

ஒரு பனை, நல்ல பருவத்தில், நாளொன்றுக்கு 2 முதல் 4 லிட்டர் பதநீரோ கள்ளோ கொடுக்கும். மண்ணில் ஈரம் இருந்து மரமும் வாட்டமில்லாமல் நின்றால் இன்னும் கொஞ்சம் கூடும். காலையும் மாலையும் ஏறி இறங்கி ஒரு பனையேறி சமாளிக்கக்கூடியது 25, 30 மரம். ஆக, ஒரு ஆள் உழைப்பில் ஒரு நாளைக்கு இறங்குவது சராசரியாக 75 முதல் 100 லிட்டர். சாயல்குடி, நரிப்பையூர், கடலாடி, திருப்புல்லாணி, பெரியபட்டினம் என்று ராமநாதபுரம் கடற்கரையில் எந்தப் பனங்காட்டில் கணக்குப் போட்டாலும் இதைச் சுற்றித்தான் வரும்.

கேனிலும் டம்ளரிலும் பாக்கெட்டிலும் உதிரியாக ஓடும் மதுவைப் பற்றிப் பேசும்போது பலரும் இந்த மரக்கணக்கைப் பார்ப்பதே இல்லை. ஒரே இடத்தில் தினம் 300 லிட்டர் ‘பனங்கள்’ போகிறதென்றால் அதன் பின்னால் குறைந்தது 3 அல்லது 4 பனையேறிகளும் 100 மரமும் இருந்தாக வேண்டும். மரம் எங்கே, ஏறுகிறவர் யார் என்று கேட்டால் பதில் வராது. பருவமும் அப்படித்தான். மாசி வாக்கில் பாளை விட ஆரம்பித்து, பங்குனி, சித்திரை, வைகாசியில் நன்றாக ஊறி, ஆடியோடு ஓய்ந்துவிடும். ஐப்பசி மழையில் இந்தக் கரையில் பனையேறுகிறவர் இல்லை. கார்த்திகையில் ஒருவர் கேனில் பனங்கள் விற்கிறார் என்றால் அந்தக் கேனில் இருப்பது பனையிலிருந்து வந்ததில்லை.

பாளையை இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்தி, நுனியை வேளை தவறாமல் சீவிவிட்டால் சொட்ட ஆரம்பிக்கும். சொட்டுவது வெறும் இனிப்பு நீர். 100 பங்கில் 10 முதல் 14 பங்கு சர்க்கரை. பாளையில் மாட்டும் கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர். தடவாவிட்டால் கள். ஒன்றை ரோட்டோரத்தில் பனை ஓலைப் பட்டையில் ஊற்றி விற்கலாம். இன்னொன்றை விற்றால் வழக்கு. தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 ஜனவரி 1 முதல் தடை. அதற்கு முன் 1981 முதல் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் ஏலத்தில் ஓடின.

சுண்ணாம்பு செய்வது எளிய வேலை. இனிப்பு நீரில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் பெருகுவதற்குக் காரமான சூழல் ஒத்துவராது. அதனால் சர்க்கரை சர்க்கரையாகவே நிற்கும். ஆனால் சுண்ணாம்பு குறைந்தாலோ, பழைய கலயத்தைக் கழுவாமல் மாட்டினாலோ, கோடை மழை கலயத்தில் இறங்கினாலோ பதநீர் மரத்திலேயே புளித்துத் திரும்பிவிடும். இறக்கிப் பார்த்தால் நுரை கட்டியிருக்கும். கருப்பட்டி காய்ச்சுகிறவர்களுக்கு இது பெருநஷ்டம்: திரும்பிய பதநீரை எவ்வளவு நேரம் எரித்தாலும் பாகு பதத்துக்கு வராது, அச்சில் ஊற்றினால் இறுகாது, பிசுபிசுவென்று நிற்கும். கருப்பட்டி காய்ச்சும் குடிசையான விடிலியில் அதைத் தனியே எடுத்துவைப்பார்கள். அப்படி ஒதுக்கியதைத்தான் சிலர் ‘கொஞ்சம்தானே’ என்று விற்க ஆரம்பிப்பது. 8 முதல் 10 லிட்டர் பதநீரைக் காய்ச்சினால் 1 கிலோ கருப்பட்டி. விறகும் பல மணி நேரமும் போகும். கள் என்றால் இறக்கிய இடத்திலேயே காசு. இந்த இழுப்பு எங்கிருந்து வருகிறதென்று புரியாமல் பனையேறியை மட்டும் குற்றவாளியாக்கிப் பேசுவதில் அர்த்தமில்லை.

பதநீரா கள்ளா என்று சந்தேகம் வந்தால் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போதும். வெள்ளைக் கிண்ணத்தில் தூளைப் போட்டு நாலு சொட்டு விடுங்கள். சுண்ணாம்பு சரியாக இருந்தால் ஆரத்தித் தண்ணீர் போலச் சிவக்கும். கள் புளிப்பு என்பதால் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். ரோட்டோரத்தில் பதநீர் வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறவர்களுக்கு இது உபயோகப்படும். மதியம் தாண்டி, வெயிலில் கிடந்த கேனிலிருந்து ஊற்றிக் கொடுப்பது பெரும்பாலும் சிவக்காது.

இனி கள்ளின் கடிகாரம். சுண்ணாம்பு இல்லாத கலயத்தில் நொதிப்பு மரத்திலேயே ஆரம்பிக்கிறது. இரவு சொட்டியதைக் காலையில் இறக்கும்போது இனிப்பும் லேசான புளிப்பும் கலந்திருக்கும். சாயங்காலத்துக்குள் இனிப்பு இறங்கி, போதை 100க்கு 4, 5 பங்கு என்ற அளவில் நிற்கும். மறுநாள் புளிப்பு ஏறும். அதற்கடுத்த நாள் காடிதான். கள்ளை வைத்து விற்க முடியாது, தூரத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. மூடிய பாட்டிலில் அடைத்தால் வாயு கட்டி பாட்டில் உப்பும், திறந்தால் சீறும். மூடிய பிளாஸ்டிக் பாட்டிலில் மணிக்கணக்காகக் கிடந்தும் உப்பாமல் இருக்கிற ‘கள்’ கள்ளாக இருக்க வாய்ப்பில்லை.

கேன் வியாபாரத்தின் சூது இங்கேதான். மரத்தடியில் 20 லிட்டர் வாங்குகிறவர் ஊருக்குள் 60 லிட்டர் விற்க வேண்டும். தண்ணீர் சேர்த்தால் வெண்மை போகும், இனிப்பு போகும், போதை போகும். ஒவ்வொன்றையும் திருப்பி ஒட்டவைக்க ஒவ்வொரு பொருள். வெண்மைக்கு மாவுக் கரைசல், இனிப்புக்குச் சாக்கரின், நுரைக்குச் சோப்புத் தன்மையுள்ள ஏதாவது. இதுவரை காசு மோசடி, வயிற்றுப்போக்கு என்று போகும். போதையைத் திருப்பிக் கொண்டுவர முயலும் இடத்தில்தான் உயிர் ஆபத்து ஆரம்பிக்கிறது. ஏனென்றால் தண்ணீர் சேர்த்து 3 மடங்காக்கிய கள்ளில் இருப்பது 100க்கு ஒன்றரைப் பங்கு ஆல்கஹால். அதைக் குடித்தால் யாருக்கும் ஏறாது. ஏறாவிட்டால் மறுநாள் வாங்க வர மாட்டார்கள்.

அரை லிட்டர் நல்ல கள்ளில் 25 மில்லி ஆல்கஹால் இருக்கும். டாஸ்மாக்கில் விற்கும் பிராந்தி 42.8 சதவீதம், அதில் கிட்டத்தட்ட 60 மில்லி குடித்ததற்குச் சமம். வளர்ந்த ஆணுக்கு இது லேசான கிறுகிறுப்பு, கொஞ்சம் வாய் நீளும், அவ்வளவுதான். அரை லிட்டர் குடித்தவர் 6 மணி நேரம் நினைவில்லாமல் கிடந்தார், எழுப்பினால் நாக்கு குழறியது, நடந்தது எதுவும் ஞாபகமில்லை என்றால் அது கள்ளின் வேலையில்லை. தூக்க மாத்திரை அல்லது குளோரல் ஹைட்ரேட் என்ற மயக்க மருந்தின் வேலை. ‘இந்த ஊர்க் கள்ளு ரொம்ப ஸ்ட்ராங்கு’ என்று பெருமையாகச் சொல்கிற இடங்களில் குடிக்காமல் நகர்வதே புத்தி.

தெலங்கானாவில் இது பெரிய அளவில் நடந்திருக்கிறது. அங்கே கள்ளுக்கு அனுமதி உண்டு. ஆனாலும் ஆல்பிரசோலம், டயாசெபாம் போன்ற தூக்க மாத்திரைகளும் குளோரல் ஹைட்ரேட்டும் கலந்து விற்று மாட்டியிருக்கிறார்கள். 2025 ஜூலையில் ஐதராபாத் கூக்கட்பள்ளிப் பகுதியில் கலப்படக் கள் குடித்துப் பலர் இறந்தார்கள். இந்த மாத்திரைகளில் இரண்டு கெடுதல். ஆல்கஹாலோடு சேர்ந்தால் மூச்சு மெதுவாகி நிற்கலாம். மல்லாக்கப் படுத்துத் தூங்குகிறவர் வாந்தியெடுத்தால் அதுவே தொண்டையை அடைக்கும். தினம் குடித்துப் பழகியவர் திடீரென்று நிறுத்தினால், ஓரிரு நாளில் கை நடுக்கம், தூக்கமின்மை, பிதற்றல், வலிப்பு. தெலங்கானாவில் கலப்படத்தைப் பிடித்துக் கடைகளை மூடிய சமயங்களில் ஆஸ்பத்திரிகளில் இப்படிக் கூட்டம் கூட்டமாக வந்து விழுந்தார்கள். குடும்பத்தார் பேய் பிடித்ததாக நினைப்பதும் உண்டு. அது மருந்து விலகும் அறிகுறி. ஆஸ்பத்திரியில் மாத்திரையின் அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் விடுவிக்க முடியும்.

கடல் தொழிலுக்குப் போகிறவருக்கு இது இன்னும் மோசம். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். பனைப் பருவத்தின் உச்சமும் அதே இரண்டு மாதம். மண்டபத்திலும் பாம்பனிலும் ராமேஸ்வரத்திலும் ஆட்கள் வேலையில்லாமல் கரையில் இருக்கிறார்கள், கேனும் வந்து நிற்கிறது. இரண்டு மாதம் மாத்திரை கலந்ததைப் பழகியவர் தடை முடிந்து படகேறினால் அந்த வலிப்பு நடுக்கடலில் வரும், வலையை இழுத்துக்கொண்டிருக்கும்போது.

கள்ளை விட்டால் இந்தக் கரையில் அதிகம் ஓடுவது ‘கட்டிங்’, டாஸ்மாக் சரக்கைப் பதுக்கிவைத்துப் பிரித்து விற்பது. டாஸ்மாக் திறப்பது பகல் 12 மணிக்கு, மூடுவது இரவு 10 மணிக்கு. விடியற்காலை படகு கரைக்கு வந்து மீனை இறக்கிய ஆளுக்கு 12 மணி வரை பொறுமை கிடையாது. அந்த இடைவெளியில் பெட்டிக்கடைக்குப் பின்னால், ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில், கருவேல மர நிழலில் வியாபாரம். முழு பாட்டிலை அதிக விலைக்கு விற்றால் சட்டமீறல் மட்டும்தான், சரக்கு பழையதேதான். பிரித்து டம்ளரில் ஊற்றி விற்கும்போதுதான் கை விளையாடும். 180 மில்லி குவாட்டரில் 40 மில்லி எடுத்துத் தண்ணீர் ஊற்றினால் 42.8 சதவீதம் 33க்கு இறங்குகிறது. நாலரை பாட்டில் பிரித்தால் ஒரு பாட்டில் இலாபம். குடிக்கிறவருக்கு அது ‘சப்பென்று’ இருக்கும். அதை மறைக்க மட்டமான ஸ்பிரிட் சேர்க்கிறவர் வந்தால் கள் கேனின் கதை அப்படியே திரும்புகிறது.

மூடியை மறுபடி போட்டு விற்பதும் நடக்கிறது. புது பாட்டிலில் அலுமினிய மூடியும் அதன் கீழ் வளையமும் சின்னச் சின்னப் பாலங்களால் ஒட்டியிருக்கும். திருகியதும் ‘கிறிக்’ என்று உடையும். உடையும் சத்தம் வராமல் மூடி வழுக்கிக்கொண்டு திரும்பினாலோ, வளையம் முன்பே தளர்ந்து கழுத்தில் ஆடினாலோ, ஒட்டுச்சீட்டு நடுவில் கீறி மறுபடி பசை வைத்ததாகத் தெரிந்தாலோ, கவிழ்த்துப் பிடித்தால் கசிந்தாலோ வைத்துவிடுங்கள். ஒரே ரகத்தில் இரண்டு பாட்டிலைப் பக்கத்தில் வைத்தால் அளவும் நிறமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அடுத்தது பாக்கெட் சாராயம். இதில் ஊரெல்லாம் நம்பும் ஒரு பொய் உண்டு: ‘காய்ச்சும்போது பதம் தப்பிவிட்டது, அதனால் விஷமாகிவிட்டது.’ ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் இதைச் சொல்வார்கள். ஆளைக் கொல்வது மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால். அது நொதிப்பில் உருவாவது பெரும்பாலும் பழத்தோலில் இருக்கும் பெக்டின் என்ற பொருளிலிருந்து. வெல்லமோ சர்க்கரையோ போட்ட ஊறலில் அது மிகச் சொற்பம். காட்டில் போடும் ஊறலில் வேறு அசுத்தம் ஏராளம். ரசாயனம் இருந்த பீப்பாய், பூச்சிமருந்து கேன், நவச்சாரம், யூரியா, எலி விழுந்த பானை எல்லாம் உண்டு, ஆளைக் கெடுக்கும். ஆனால் ஒரே இரவில் ஒரு தெருவே சாய்ந்தால், பலருக்குக் கண் போனால், தொழிற்சாலைக்கு வரும் மெத்தனாலை யாரோ கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20 பேருக்கு மேல் இறந்ததும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல் இறந்ததும் மெத்தனாலால்தான்.

ஏன் ஊற்றுகிறார்கள்? எரிசாராயத்துக்கு, அதாவது மதுவில் இருக்கும் எத்தனால் என்ற ஆல்கஹாலுக்கு, கலால் கண்காணிப்பு அதிகம், விலையும் அதிகம். மெத்தனால் பெயின்ட், பிளைவுட், மருந்துத் தொழிலுக்கு டன் கணக்கில் போகும் சாமான். பார்க்க ஒன்றுபோல இருக்கும், வாசனையும் கிட்டத்தட்ட ஒன்று. காய்ச்சுகிறவர், மொத்தமாக வாங்குகிறவர், பாக்கெட் போடுகிறவர், சில்லறை விற்கிறவர் என்று சரக்கு நாலு கை மாறும். ஒவ்வொரு கையிலும் தண்ணீர். கடைசிக் கையில் நிற்பவருக்கு ‘ஏறலை’ என்ற புகார் வருகிறது. தன்னிடம் வந்த கேனில் இருப்பது எந்த ஆல்கஹால் என்று அவருக்கே தெரியாது. அதைக் குடித்துப் பார்த்து, ‘எனக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்று விற்று, பிறகு அவரே செத்துப்போவதும் நடக்கிற காரியம்.

தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது, நீலமாக எரிந்தால் சுத்தம் என்பது, உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்ப்பது எல்லாம் வீண். எத்தனாலும் எரியும், மெத்தனாலும் எரியும். இரண்டு சுவாலையும் நீலம்தான். கலவையில் கண்ணால் பிரித்துப் பார்க்க வழியே இல்லை. ஆய்வுக்கூடம்தான் சொல்லும்.

உடம்புக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் ஏன் தாமதமாகிறது என்பது விளங்கும். மெத்தனால் அப்படியே இருக்கும்வரை பெரிய கெடுதல் செய்யாது; மற்ற மதுவைப்போல மயக்கம்தான் தரும். ஈரல் அதை உடைத்து முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் செல்கள் மூச்சுவிடுவதைத் தடுக்கும். முதல் அடி கண் நரம்புக்கு. அதே ஈரல் நொதிதான் எத்தனாலையும் உடைக்கிறது, எத்தனால் இருக்கும்வரை அதைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும். எனவே கலவையில் நல்ல சாராயமும் இருந்தால் அது தீரும்வரை ஆள் நன்றாக இருப்பார். போதை தெளிந்த பிறகு, 12 முதல் 24 மணி நேரத்தில், சில சமயம் அதற்கும் பிறகு, அறிகுறி வரும். ஒரே கேனில் குடித்த இருவரில் ஒருவர் செத்து ஒருவர் தப்புவதும் இதனால்தான்: கூட எவ்வளவு எத்தனால் உள்ளே போனது, எவ்வளவு குடித்தார், எப்போது ஆஸ்பத்திரி போனார் என்பதெல்லாம் மாறும். சுத்த மெத்தனால் 10 மில்லி கண்ணைக் கெடுக்கலாம், 30 மில்லி ஆளைக் கொல்லலாம்.

அறிகுறிகள் முதலில் குடித்த மறுநாள் வரும் சாதாரணத் தலைவலிபோலவே தெரியும்: வயிற்றுவலி, குமட்டல், தலைசுற்றல். ‘நேத்து ஓவரா போயிருச்சு’ என்று மோரும் எலுமிச்சையும் கொடுத்துப் படுக்கவைக்கிறார்கள். அங்கேதான் நேரம் போகிறது. கண் மங்கினாலோ, எதிரே பனிமூட்டம்போல வெள்ளையாகத் தெரிந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, ஓடிவந்தவர்போல மூச்சு வேகமாக இழுத்தாலோ ஒரு நிமிஷமும் யோசிக்கக் கூடாது. இராத்திரி குடித்துவிட்டுக் கடலுக்குப் போனவருக்குப் பாக் நீரிணையில் வைத்து இது ஆரம்பித்தால் படகைத் திருப்புங்கள். கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீசுக்கு 1093. கரையில் 108.

எந்த ஆஸ்பத்திரி என்பதும் முக்கியம். டயாலிசிஸ் இருக்கிற இடமாக இருக்க வேண்டும். ரத்தத்திலிருந்து மெத்தனாலையும் அமிலத்தையும் வெளியே எடுப்பது அதுதான். இந்த மாவட்டத்துக்கு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ராமேஸ்வரத்திலிருந்து அது ஏறக்குறைய 55 கிலோமீட்டர், அதனால் ‘கண்ணு தெரியலைன்னா பார்ப்போம்’ என்று காத்திருக்க நேரமில்லை. அங்கே ஃபோமெபிசோல் என்ற மாற்றுமருந்தோ, அது கையில் இல்லாவிட்டால் அளந்து கொடுக்கும் எத்தனாலோ, கூடவே அமிலத்தைக் குறைக்கப் பைகார்பனேட்டும் கொடுப்பார்கள். எத்தனால் மாற்றுமருந்து என்று யாரோ சொன்னதைக் கேட்டு வீட்டில் பிராந்தி ஊற்றிவிடாதீர்கள். அளவு தெரியாமல் ஊற்றினால் அறிகுறி தள்ளிப்போய் டாக்டரையே ஏமாற்றும், மயக்கத்தில் வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கும். விரலை விட்டு வாந்தியெடுக்க வைப்பதாலும் பயனில்லை. மெத்தனால் வயிற்றில் தங்காது, சீக்கிரமே ரத்தத்தில் ஏறிவிடும்.

போலீஸ் வருமே என்று பயந்துதான் பல குடும்பங்கள் ‘ஃபுட் பாய்சன்’ என்று சொல்லிச் சேர்க்கின்றன. 2024 திருத்தத்துக்குப் பிறகு மதுவிலக்குச் சட்டத்தில் சாவுக்குக் காரணமான கள்ளச்சாராயத்தை விற்றவருக்கு ஆயுள்வரை கடுங்காவலும் 10 லட்சத்துக்குக் குறையாத அபராதமும். அந்த வழக்கு விற்றவர் மேல். டாக்டரிடம் சொல்ல வேண்டியது: என்ன குடித்தார், எத்தனை மணிக்கு, எவ்வளவு, கூட யார் யார் குடித்தார்கள். மிச்சம் இருக்கும் பாக்கெட்டையோ பாட்டிலையோ கீழே கொட்டாமல் அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள். கூடக் குடித்த மற்றவர்கள் நன்றாக நடமாடினாலும் அதே வண்டியில் ஏற்றுங்கள். அவர்களுக்கு இன்னும் நேரம் ஆகவில்லை, அவ்வளவுதான்.